பிரித்தானிய இரயில் நிலையப் பெயர்களில் அடைகூறுகள்: ஒரு வரலாற்று நோக்கு

ஊர்ப்பெயர்கள் மக்கள் நாவில் பிறந்து, நாவிலேயே தேய்ந்தும் திரிந்தும் நிலைபெறுபவை. இரயில் நிலையப் பெயர்கள் அத்தகையன அல்ல. ஒரு நிறுவனத்தின் இயக்குநர்களால் ஒரு நாளில் முடிவு செய்யப்பெற்று, பலகையில் எழுதப்பெற்று, கால அட்டவணையில் அச்சேறிய பின்னரே அவை மக்கள் வழக்கிற்கு வருகின்றன. ஆதலின் பெயராய்வாளர் அவற்றைச் செயற்கைப் பெயர்கள் என ஒதுக்கிவிடுவது இயல்பு. இங்கிலாந்தில் ஊர்ப்பெயராய்வுக் கழகம் தோன்றியது 1923இல். அந்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் இருப்புப்பாதை நிறுவனங்கள் நான்கு பெருநிறுவனங்களாக இணைக்கப்பெற்றதும் அதே ஆண்டில்தான். ஆங்கிலோ-சாக்சன் ஊர்ப்பெயர்களை ஆவணங்களிலிருந்து மீட்கும் பணி தொடங்கிய அதே வேளையில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலப் பெயரிடல் மரபொன்று தன் சூழலை இழக்கத் தொடங்கியது.

இங்கு ஆராயப்படுவது நிலையப் பெயரின் முற்பகுதியாகிய ஊர்ப்பெயர் அன்று. அதனையடுத்து வரும் சென்ட்ரல், விக்டோரியா, எக்ஸ்சேஞ்ச், ரோடு, ஜங்ஷன், பார்க்வே போன்ற அடைகூறுகளே. இவற்றின் அகராதிப் பொருள் வேறு. இருப்புப்பாதை வழக்கில் இவை பெற்ற பொருள் வேறு. ஒன்றற்கொன்று தொலைவிலுள்ள நிலையங்களை ஒரே வரலாற்றால் இணைப்பவையும், ஒரே பெயர் தாங்கிய நிலையங்களை வேறுவேறு வரலாற்றால் பிரிப்பவையும் இக்கூறுகளே. ஆங்கிலப் புதினத்தையோ வரலாற்று நூலையோ தமிழாக்கம் செய்வோர் இவ்வேறுபாட்டை அறியாதவிடத்து, சொல்லை மொழிபெயர்த்துப் பொருளை இழக்க நேரும்.

அடைகூறு தேவைப்பட்டதன் காரணம்

1830ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் லிவர்ப்பூல் - மான்செஸ்டர் இருப்புப்பாதை திறக்கப்பெற்றபோது மான்செஸ்டரில் இருந்தது ஒரே நிலையம். அது லிவர்ப்பூல் ரோடு என்னும் தெருவில் அமைந்திருந்தமையால் அத்தெருவின் பெயரைப் பெற்றது. அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. பிரித்தானியாவில் இருப்புப்பாதை அரசின் திட்டப்படி அமைந்ததன்று. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தனியார் நிறுவனம் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் பெற்றது. முதலீட்டு வெறி உச்சம் தொட்ட 1846இல் மட்டும் 250க்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. ஒரு நகரை நோக்கி மூன்று நிறுவனங்கள் பாதை அமைத்தால் அந்நகருக்கு மூன்று நிலையங்கள் தோன்றும். ஒரு நிறுவனத்தின் நிலையத்தை மற்றொரு நிறுவனம் பயன்படுத்த வேண்டுமாயின் கட்டணமும் பூசலும் உடன்வரும்.

இந்நிறுவனங்களுக்கிடையே பயணச்சீட்டு வருவாயைப் பங்கிட 1842இல் கணக்குத் தீர்வகம் ஒன்று இலண்டனில் நிறுவப்பெற்றது. ஒரு நிறுவனத்தின் பாதையில் ஏறி மற்றொன்றின் பாதையில் இறங்கும் பயணியின் கட்டணத்தைப் பிரிக்க வேண்டுமெனில், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்திற்கு என்பது ஐயமறத் தெரிதல் வேண்டும். அடைகூறு அழகுக்காக வந்ததன்று, வேறுபடுத்தவே வந்தது.

மொழியியலார்க்கு இது பழகிய செய்தி. ஜெனீவாவிலிருந்து பாரிசுக்கு இரவு 8.25க்குப் புறப்படும் விரைவுவண்டியைச் சொசூர் தம் விரிவுரையில் எடுத்துக்காட்டினார். இயந்திரமும் பெட்டிகளும் பணியாளரும் நாள்தோறும் மாறினும் அது ‘அதே வண்டி’ எனப்படுவது, கால அட்டவணையில் பிற வண்டிகளினின்றும் அது வேறுபட்டு நிற்கும் இடத்தால்தான். வண்டிக்கு அவர் கூறியது நிலையப் பெயரின் அடைகூறுக்கு இன்னும் நன்கு பொருந்தும். அதன் பொருள் அதனுள் இல்லை. எதிர் நிற்கும் மற்றொரு நிலையத்தில் உள்ளது. ஷெஃபீல்டில் விக்டோரியா (1851) என ஒரு நிலையம் இருந்தவரை மிட்லாண்ட் நிறுவனத்தின் நிலையம் ‘ஷெஃபீல்ட் மிட்லாண்ட்’ ஆக இருந்தது. 1970இல் விக்டோரியா மூடப்பட்டபின், ‘மிட்லாண்ட்’ எதனின்றும் எதனையும் வேறுபடுத்தவில்லை, அக்கூறு உதிர்ந்தது. லெஸ்டர் நகரில் சென்ட்ரல் நிலையம் 1969இல் மறைந்தபின் ‘லெஸ்டர் லண்டன் ரோடு’ வெறும் ‘லெஸ்டர்’ ஆயிற்று. வார்ரிங்டனிலோ பாங்க் கீ, சென்ட்ரல் என்னும் இரு நிலையங்களும் இன்றும் இயங்குகின்றன; ஆதலின் இரு கூறுகளும் நிற்கின்றன.

இலண்டன் முனையங்கள்

இலண்டன் மாநகரின் உட்பகுதிக்குள் இருப்புப்பாதைகள் நுழைவதை 1846ஆம் ஆண்டு அரச ஆணைக்குழு ஏற்கவில்லை. அதன் விளைவாக முனையங்கள் நகரைச் சுற்றி ஒரு வளையமாக அமைந்தன. யூஸ்டன் (1837), கிங்ஸ் கிராஸ் (1852), செயின்ட் பாங்க்ரஸ் (1868) ஆகிய மூன்றும் ஒரே சாலையில், ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவுக்குள், மூன்று வெவ்வேறு நிறுவனங்களால் கட்டப்பெற்றவை. வடக்கே செல்வோர் எந்நிலையத்தில் ஏறுவது என்பது, எந்நிறுவனத்தின் பாதையில் செல்கின்றனர் என்பதைப் பொறுத்தது.

பாரிசில் லியோன் நகருக்குச் செல்லும் பாதையின் முனையம் லியோன் நிலையம் எனப்படும்; சேருமிடமே பெயராகும். இலண்டனில் இம்மரபு இல்லை. அங்கே நிலையம் நிற்கும் நிலத்தின் பெயரே முனையத்தின் பெயர். இதனை அறியாதவர் லிவர்ப்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் (1874) லிவர்ப்பூல் நகருக்கு வண்டி தேடுவர். அவ்வண்டி புறப்படுவது யூஸ்டனிலிருந்து. லிவர்ப்பூல் ஸ்ட்ரீட் என்னும் தெரு, 1812 முதல் 1827 வரை பிரதமராக இருந்த லிவர்ப்பூல் பிரபுவின் பெயர் தாங்கியது. மான்செஸ்டரின் லிவர்ப்பூல் ரோடோ உண்மையாகவே லிவர்ப்பூலை நோக்கிச் செல்லும் சாலை. ஒன்றில் நகர்ப்பெயர் திசையைக் காட்டுகிறது. மற்றொன்றில் பட்டப்பெயராகிப் பின் தெருப்பெயராகி, திசையை முற்றும் இழந்துவிட்டது.

‘கிராஸ்’ என முடியும் இரு முனையங்களும் இத்தகையனவே. சேரிங் கிராஸ் (1864) நிலையத்தின் பெயரிலுள்ளது உண்மையான சிலுவை: 1290இல் இறந்த தம் அரசி எலினோரின் நினைவாக முதலாம் எட்வர்டு நிறுவிய சிலுவைத் தூண்களுள் ஒன்று அங்கு நின்றது. கிங்ஸ் கிராஸ் என்பதில் அவ்வாறான சிலுவை இல்லை. 1830களில் நான்காம் ஜார்ஜ் மன்னர்க்கு ஒரு நாற்சந்தியில் எழுப்பப்பெற்ற நினைவுச்சின்னமே அப்பெயர்க்குக் காரணம். மக்களால் விரும்பப்படாத அம்மன்னரின் சின்னமும் நகைப்புக்கே இடமாயிற்று. 1845இல் அது இடிக்கப்பட்டது. ஏழாண்டு கழித்து வந்த நிலையம், இல்லாத சின்னத்தின் பெயரைத் தாங்கி இன்றளவும் நிற்கிறது. ‘அரசன் சிலுவை’ என இதனை ஆக்குவோர் இரண்டு முறை பிழைபடுவர்.

வாட்டர்லூ (1848) 1815ஆம் ஆண்டுப் போர் வெற்றியைக் கொண்டாட இடப்பட்டதெனப் பலர் கருதுவர். போரின் பெயர் முதலில் தேம்ஸ் ஆற்றுப் பாலத்திற்குச் சென்றது. பாலத்தின் பெயரே நிலையத்திற்கு வந்தது. ஆயினும் பெயர் தன் பழம்பொருளை முற்றும் இழக்கவில்லை. பிரான்சிலிருந்து கடலடிச் சுரங்கவழி வந்த யூரோஸ்டார் வண்டிகள் 1994 முதல் 2007 வரை வந்து நின்ற இடம் வாட்டர்லூவே. நெப்போலியன் தோற்ற களத்தின் பெயர்ப்பலகையைப் பிரெஞ்சுப் பயணிகள் முதலில் காண நேர்ந்தது குறித்து எழுந்த எள்ளலும் முணுமுணுப்பும் அந்நாளைய செய்தித்தாள்களில் இடம்பெற்றன. 2007 நவம்பரில் அவ்வண்டிகள் செயின்ட் பாங்க்ரசுக்கு மாறின.

இலண்டன் பெயர்களுள் ஒன்று பிறமொழியொன்றில் பொதுப்பெயராகவே வழங்குகிறது. இரயில் நிலையத்தை உருசிய மொழியில் ‘வக்சால்’ என்பர். இது தேம்ஸின் தென்கரையிலுள்ள வாக்ஸ்ஹால் என்பதன் திரிபு. உருசியப் பேரரசர் வாக்ஸ்ஹால் நிலையத்தைப் பார்வையிட்டு, நிலையம் என்பதற்கே அதுதான் சொல் என மயங்கினார் என்னும் கதை சுவையானது, உண்மையன்று. வாக்ஸ்ஹாலில் இருந்த கேளிக்கைப் பூங்காவின் பெயர், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ‘கேளிக்கை அரங்கு’ என்னும் பொருளில் உருசியத்துள் புகுந்திருந்தது. உருசியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1838இல் பாவ்லவ்ஸ்க் வரை நீண்டபோது, அதன் முனையத்தில் இசையரங்கு ஒன்று அமைக்கப்பட்டது. அரங்கின் பெயர் நிலையத்திற்குப் பரவிற்று. வாக்ஸ்ஹால் என்பதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கு மனைகொண்டிருந்த ஃபால்க்ஸ் என்னும் வீரனின் பெயரடியாகப் பிறந்ததென்பதையும் கருதின், ஒரு மனிதனின் பெயர் ஒரு மொழியின் ‘நிலையம்’ ஆன நெடும்பயணம் விளங்கும்.

எக்ஸ்சேஞ்ச், சென்ட்ரல், விக்டோரியா

எக்ஸ்சேஞ்ச் என்னும் அடை மான்செஸ்டர், லிவர்ப்பூல், பிராட்ஃபோர்டு ஆகிய மூன்று வடபகுதி நகரங்களில் வழங்கியது. வண்டி மாறும் இடம் எனப் பொருள்கொள்ள எவரையும் தூண்டும் சொல் இது. அப்பொருள் இங்கு அறவே இல்லை. வணிகர் கூடி விலை பேசும் மன்றத்திற்கே எக்ஸ்சேஞ்ச் எனப் பெயர். மான்செஸ்டரில் அது பருத்தி வணிகர் மன்றம். பிராட்ஃபோர்டு கம்பளி நகரம். லிவர்ப்பூல் துறைமுகப் பெருவணிகர் நகரம். எனவே எக்ஸ்சேஞ்ச் என்பது அந்நகரங்களின் தொழிலைச் சொல்லும் அடை. மான்செஸ்டர் எக்ஸ்சேஞ்ச் நிலையம் (1884) உண்மையில் இர்வெல் ஆற்றின் மறுகரையில், சால்ஃபோர்டு எல்லையில் நின்றது. இருப்பினும் தன் பெயரில் மன்றத்தை அருகிழுத்துக்கொண்டது. மான்செஸ்டர் மன்றத்தில் பருத்தி வாணிகம் 1968இல் நின்றது. எக்ஸ்சேஞ்ச் நிலையம் 1969இல் மூடப்பட்டது. லிவர்ப்பூல் எக்ஸ்சேஞ்ச் 1977இல் மறைந்தது. எஞ்சிய பிராட்ஃபோர்டு எக்ஸ்சேஞ்ச், பேருந்து நிலையத்துடன் இணைக்கப்பெற்று, 1983இல் ‘இன்டர்சேஞ்ச்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. ஒலியளவில் சிறு மாற்றம். பொருளளவில் முழு மாற்றம். கம்பளி வணிகர் போய், பேருந்து மாறும் பயணி வந்துவிட்டார். பழைய சொல்லின் மீது எல்லோரும் கொண்ட தவறான பொருளே புதிய பெயரில் சரியான பொருளாக நிலைநாட்டப்பட்டது போல் தோன்றுகிறது. நாட்டார் சொற்பிறப்பியல் ஒரு நிறுவனத்தின் கையொப்பத்தைப் பெறுவது அரிது.

மான்செஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்கும் அதன் அண்டை நிலையமாகிய விக்டோரியாவுக்கும் இடையே இருந்தது நிறுவனப் போட்டியின் எல்லை. விக்டோரியா லங்காஷயர் - யார்க்‌ஷயர் நிறுவனத்திற்கு உரியது. எக்ஸ்சேஞ்ச் இலண்டன் - வடமேற்கு நிறுவனத்திற்கு உரியது. 1923ஆம் ஆண்டு இணைப்பில் இரண்டும் ஒரே பெருநிறுவனத்தின் உடைமையாயின. 1929இல் இரு நிலையங்களின் நடைமேடைகளும் இணைக்கப்பெற்று, 2,194 அடி நீளமுள்ள ஒரே மேடை உருவாயிற்று. அன்று ஐரோப்பாவிலேயே மிக நீண்ட நடைமேடை அதுவே. மேடை ஒன்றான பின்னும் பெயர் ஒன்றாகவில்லை. ஒருவர் விக்டோரியாவில் ஏறி நடந்தால், வண்டியேறாமலே எக்ஸ்சேஞ்சை அடையலாம். ஆயினும் அட்டவணையில் அவை நாற்பதாண்டுக் காலம் இரு நிலையங்களாகவே இருந்தன.

சென்ட்ரல் என்னும் அடையின் வரலாறு சிக்கலானது. கிளாஸ்கோ சென்ட்ரல் (1879), மான்செஸ்டர் சென்ட்ரல் (1880) ஆகியவற்றில் அது நகர மையத்தைக் குறித்தது. ஆனால் மான்செஸ்டர் - ஷெஃபீல்டு - லிங்கன்ஷயர் நிறுவனம் 1897இல் தன்னைக் ‘கிரேட் சென்ட்ரல்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டு, இலண்டனுக்குத் தனிப்பாதை அமைத்து 1899இல் திறந்தது. லெஸ்டர் சென்ட்ரல், ரக்பி சென்ட்ரல், லஃப்பரோ சென்ட்ரல் ஆகியவை அப்பாதையின் நிலையங்கள். இவற்றில் சென்ட்ரல் என்பது இடத்தைச் சுட்டுவதா, உடைமையாளரைச் சுட்டுவதா என்பது பெயரளவில் தெளிவாகாது. அத்தெளிவின்மை அந்நிறுவனத்திற்கு நலமாகவே இருந்தது. போட்டி நிறுவனங்களோ இதனை நன்கு உணர்ந்திருந்தன. நாட்டிங்காமில் கட்டப்பெற்ற பெருநிலையம் கிரேட் சென்ட்ரலுக்கும் கிரேட் நார்தர்னுக்கும் பொதுவானது. சென்ட்ரல் எனப் பெயரிடக் கிரேட் நார்தர்ன் இசையவில்லை. தன் நிலையத்தில் கூட்டாளியின் பெயரைப் பலகையாக்க அது விரும்பாதது இயல்பே. 1900 மே 24 திறப்பு நாள். அது விக்டோரியா அரசியின் பிறந்தநாளும் ஆகும். நகரின் ஆட்சிச் செயலர் முன்மொழிய, நிலையம் ‘நாட்டிங்காம் விக்டோரியா’ ஆயிற்று. அரசியின் மீதுள்ள அன்பால் இடப்பட்டதாகத் தோன்றும் பெயர், இரு நிறுவனங்களின் பிணக்கைத் தீர்க்க வந்த நடுநிலைப் பெயர்.

இதனை ஏனைய விக்டோரியாக்களுடன் ஒப்பிடுதல் பயன் தரும். மான்செஸ்டர் விக்டோரியா (1844) இளம் அரசியின் பெயரை நேரே பெற்றது. இலண்டன் விக்டோரியா (1860) விக்டோரியா ஸ்ட்ரீட் என்னும் தெருவழியாகப் பெற்றது. நாட்டிங்காம் விக்டோரியா பூசலின் வழியாகப் பெற்றது. மூன்றும் ஒரே வடிவம்; ஆனால் ஒரே பெயர் எனல் பொருந்தாது. நாட்டிங்காம் நிலையம் 1967இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் எழுந்த வணிக வளாகம் விக்டோரியா சென்டர் எனப்படுகிறது. நிலையத்தின் மணிக்கூண்டு மட்டும் அதன் முன் நிற்கிறது. ‘சென்ட்ரல்’ ஆகக்கூடாது என விலக்கப்பட்ட இடம் ‘சென்டர்’ ஆனது தற்செயலே.

1948இல் இருப்புப்பாதைகள் நாட்டுடைமையாயின. நிறுவனப்பெயர் வேறுபாடு அதன்பின் பயணிக்குப் பொருளற்றதாயிற்று. ஒரே உடைமையாளரின் இரு நிலையங்களுக்கு இடையே வேறுபாடு காட்டப் புதிய அடைகள் வேண்டியிருந்தன. டார்செஸ்டரின் இரு நிலையங்களும் தெற்கு, மேற்கு எனத் திசையடை பெற்றன. 1849இல் போட்டியாகத் திறக்கப்பெற்ற வின்ட்சர் நிலையங்கள் இரண்டும் சென்ட்ரல், ரிவர்சைடு என்னும் அடைகளை ஏற்றன. அரசியாரின் அரண்மனைக்கு முதலில் பாதை கொண்டுசெல்ல இரு நிறுவனங்கள் ஒரே ஆண்டில் ஓடிய ஓட்டம், ஆற்றங்கரை என்றும் நகர்நடு என்றும் அமைதியாகிவிட்டது. எக்சிட்டர் செயின்ட் டேவிட்ஸ் நிலையத்தில் மட்டும் பழம்பகையைக் கண்ணால் காணலாம். பாடிங்டன் செல்லும் வண்டி ஒரு திசையிலும், வாட்டர்லூ செல்லும் வண்டி அதற்கு நேரெதிர்த் திசையிலும் புறப்படுகின்றன. இரண்டும் இலண்டனுக்கே செல்பவை.

சொற்பிறப்பு நோக்கில் மேலும் இரண்டு பெயர்களைச் சுட்டலாம். வேக்ஃபீல்டில் உள்ள வெஸ்ட்கேட், கர்க்கேட் ஆகியவற்றில் வரும் ‘கேட்’ வாயில் அன்று. தெருவைக் குறிக்கும் பழைய நோர்சுச் சொல். கர்க்கேட் என்பது கோயில் தெரு. கிளாஸ்கோவில் 1876 முதல் 1966 வரை இயங்கிய செயின்ட் ஈனக் நிலையத்தின் பெயரில் ஓர் ஆண் புனிதர் இருப்பதாகத் தோன்றும். அந்நகரின் காவற்புனிதராகிய முங்கோவின் தாய் தெனியூ என்பாள். அவள் பெயரே மக்கள் நாவில் திரிந்து விவிலிய ஏனோக்கின் வடிவைப் பெற்றது.

ரோடு முதல் பார்க்வே வரை

பெருநகரங்களை விட்டு நாட்டுப்புறம் செல்லின், அடைகூறுகளின் தொழில் மாறுகிறது. இங்கு ஒரு நிலையத்தை மற்றொன்றினின்றும் பிரிப்பதைவிட, நிலையத்தை ஊரினின்றும் பிரித்துக் காட்டுவதே அடையின் பணி. ‘ரோடு’ என முடியும் நிலையப்பெயர் சாலையைக் குறிப்பதன்று, ‘ஊர் இங்கில்லை, ஊருக்குச் செல்லும் வழி இங்கே தொடங்குகிறது’ என்பதே அதன் பொருள். வடிவில் உடன்பாடாகவும் பொருளில் எதிர்மறையாகவும் உள்ள சொல் இது. வேல்சில் லான்பிஸ்டர் ரோடு நிலையத்தில் இறங்குபவர் லான்பிஸ்டரை அடைய ஏறத்தாழ ஐந்து மைல் செல்ல வேண்டும். கார்ன்வாலில் செயின்ட் கொலம்ப் ரோடு நிலையம் இருக்கும் ஊர் இந்தியன் குவீன்ஸ். தான் நிற்கும் ஊரை விட்டுத் தொலைவிலுள்ள ஊரின் பெயரை அது கொண்டது. எட்வர்டு தாமஸ் எழுதி 1917இல் அச்சான புகழ்பெற்ற கவிதையின் தலைப்பாகிய ஆடல்ஸ்ட்ராப், அவ்வூர் நிலையத்தின் பெயர். 1853இல் திறக்கப்பெற்றபோது ‘ஸ்டோ ரோடு’ என்பதும் அப்பெயரின் பகுதியாக இருந்தது. ரோடு உதிர்ந்தபின் எஞ்சிய பெயரையே கவிஞர் பலகையில் கண்டார். நிலையம் 1966இல் மூடப்பட, பலகை ஊரின் பேருந்து நிழற்குடைக்குச் சென்றது.

பாட்மின் ரோடு (1859) பாட்மின் நகரினின்றும் ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில், மரஞ்செறிந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. 1983இல் அது பாட்மின் பார்க்வே ஆயிற்று. ‘பார்க்வே’ என்பது அமெரிக்காவில் மரங்களினூடே செல்லும் சாலைக்கு வழங்கிய சொல். 1972இல் பிரிஸ்டல் நகருக்கு வெளியே பிரிஸ்டல் பார்க்வே திறக்கப்பட்டபின், சீருந்தை நிறுத்திவிட்டு வண்டியேறும் புறநகர் நிலையம் என்னும் பொருள் அச்சொல்லுக்கு ஏற்பட்டது; ஆங்கிலத்தில் வண்டி நிறுத்துதலைக் குறிக்கும் சொல்லோடுள்ள ஒலியொப்புமை இதற்குத் துணைசெய்தது. ஆயினும் இருப்புப்பாதை இலக்கணத்தில் பார்க்வே, பழைய ரோடின் வாரிசே. இரண்டுமே ஊரின்மையைச் சொல்கின்றன. குதிரை வண்டியில் போக வேண்டிய தொலைவு ரோடு. சீருந்தில் போக வேண்டிய தொலைவு பார்க்வே. 1973இல் திறந்த அல்ஃப்ரெட்டன் அண்டு மான்ஸ்ஃபீல்டு பார்க்வே இதற்குத் தெளிந்த சான்று. 1964இல் பயணியர் நிலையத்தை இழந்திருந்த மான்ஸ்ஃபீல்டு 1995இல் அதனைத் திரும்பப் பெற்றதும், அப்பெயர் வெறும் அல்ஃப்ரெட்டன் எனச் சுருங்கியது. அவ்வடை இன்றும் ஆக்கமுடையது: வூஸ்டர்ஷயர் பார்க்வே 2020இலும், தானெட் பார்க்வே 2023இலும் திறக்கப்பெற்றன. ரோடு என்னும் அடையோ பழம்பெயர்களில் மட்டுமே எஞ்சியுள்ளது.

‘ஹால்ட்’ என்னும் சிறுநிலைய அடை 1903இல் கிரேட் வெஸ்டர்ன் நிறுவனம் ஸ்ட்ரவுடு பள்ளத்தாக்கில் தொடங்கிய சிறுவண்டிச் சேவையோடு பரவி, 1974இல் பெயர்ப்பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. பிரித்தானிய அட்டவணையில் இன்று கார்ன்வாலின் ஒரே கிளைப்பாதையில் இரு நிலையங்கள் அதனைத் தாங்கியுள்ளன. இந்தியாவிலோ அச்சொல் இன்றும் உயிர்ப்புடன் வழங்குகிறது.

ஊருக்குப் பெயர் தந்த நிலையங்கள்

ஊர்ப்பெயரை நிலையம் கடன்வாங்கும் நெறி சில இடங்களில் தலைகீழாயிற்று. 1837இல் வயல்களிடையே ஒரு நிலையம் கட்டப்பட்டது. அண்மையிலிருந்த க்ரூ மாளிகையின் பெயர் அதற்கு இடப்பட்டது. சந்திப்பும் தொழிற்சாலையும் வளர, சுற்றிலும் நகரம் எழுந்தது. அந்நகரம் க்ரூ ஆயிற்று. நிலையத்திற்கு ஊரின் பெயர் வந்ததன்று. ஊருக்கு நிலையத்தின் பெயர் வந்தது. கிரேவன் ஆர்ம்ஸ் என்பது ஒரு சத்திரத்தின் பெயர். நிலையம் அதனை ஏற்க, பின்பு ஊரும் ஏற்றது. கிளாப்பம் ஜங்ஷன் (1863) கிளாப்பத்தில் இல்லை, பாட்டர்சீயில் உள்ளது. தொழிலாளர் குடியிருப்பாகிய பாட்டர்சீயினும் கிளாப்பம் மதிப்புக்குரிய பெயராக இருந்ததே காரணம் என்பர். இன்று அந்நிலையத்தைச் சூழ்ந்த பகுதியையும் மக்கள் அப்பெயராலேயே வழங்குகின்றனர். பாட்டர்சீயின் ஒரு பகுதி, ஒரு பெயர்ப்பலகையால் கிளாப்பத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளூர்வாசிகளுள் இதனை இன்றும் ஏற்காதவர் உளர்.

அடைகூறும் மொழிபெயர்ப்பும்

இக்கூறுகளைப் பெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா என்னும் வினாவுக்குப் பிரித்தானியாவுக்குள்ளேயே விடை காண முயன்ற மொழி வெல்ஷ். வேல்சு நிலையங்களின் இருமொழிப் பலகைகளில் கார்டிஃப் சென்ட்ரல் ‘கையர்தீத் கனோலோக்’ எனப்படும். கனோலோக் என்பது மையத்திலுள்ளது என்னும் பெயரடை. கார்டிஃப் குவீன் ஸ்ட்ரீட் நிலையத்தின் தெருப்பெயரும் ‘அரசியின் தெரு’ என வெல்ஷில் பெயர்க்கப்படுகிறது. லான்டட்னோ ஜங்ஷன் ‘கஃபோர்த் லான்டட்னோ’ ஆகும். வெல்ஷ் தொடரியலின்படி சந்திப்பைக் குறிக்கும் சொல் முன்னே வருகிறது. பெயர்ப்பு இங்கு இயல்பாக நிற்பதற்குக் காரணம், கார்டிஃபில் சென்ட்ரல் என்பது 1973இல் இடப்பட்ட புதுப்பெயர். நிறுவனப் பூசலின் எச்சம் அதில் இல்லை. அகராதிப் பொருளே அதன் முழுப்பொருள். நாட்டிங்காமிலோ லெஸ்டரிலோ வழங்கிய பெயர்களை இவ்வாறு பெயர்த்தல் இயலாது. அதே வேல்சில், 1860களில் பயணிகளை ஈர்க்கவென்றே 58 எழுத்துகளாக நீட்டப்பெற்ற லான்ஃபேர் நிலையப் பெயர், பொருளுக்காக அன்றி நீளத்துக்காகவே ஆக்கப்பட்டது. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் வேடிக்கையை விட்டுப் புவியியலைப் பெயர்த்தவராவர்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ஏற்ற நெறி, ஒவ்வோர் அடையின் எதிர்நிலையைத் தேடுவதே. எக்ஸ்சேஞ்ச் வருமிடத்தில் ஒலிபெயர்ப்பை வைத்து, முதன்முறை ‘வணிகர் மன்றத்தருகிலுள்ள நிலையம்’ எனத் தொடரிலேயே விளக்கம் சேர்க்கலாம்; ‘பரிமாற்றம்’ என்றல் ஆகாது. ஜங்ஷன் என்பது தமிழில் ‘சந்திப்பு’ என நிலைபெற்றுவிட்டது. பாதைகள் கூடுதலே அதன் பொருளாதலின் அது பொருத்தமானதே. சென்ட்ரல் நிலை வேறு. 1873இல் திறந்த சென்னை சென்ட்ரல், இராயபுரத்திற்கு எதிராக நின்ற பெயர். 2019இல் முன்னாள் முதலமைச்சரின் பெயர் அந்நிலையத்திற்கு இடப்பட்டபோதும், சென்ட்ரல் என்னும் கூறு நீங்கவில்லை. பேச்சில் ஊர்ப்பெயரும் உதிர்ந்து, அடை மட்டுமே பெயராக நிற்கிறது.

ரோடு என்னும் அடை பிரித்தானிய நிறுவனங்களின் வழியே தமிழகத்திற்கும் வந்தது. வாலாஜா ரோடு, கொடைக்கானல் ரோடு ஆகியவை அம்மரபின. கொடைக்கானல் ரோடு நிலையம் அம்மையநாயக்கனூரில் உள்ளது. மலைநகரோ சாலைவழி ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில். இதனைக் ‘கொடைக்கானல் சாலை’ என எவரும் மொழிபெயர்ப்பதில்லை. அவ்வாறு கூறின் அது மலைமேல் ஏறும் சாலையையே குறிக்கும். தமிழில் ‘சாலை’க்கும் ‘ரோடு’க்கும் இடையே இங்கு ஏற்பட்டுள்ள பொருள்வேறுபாடு, ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மறைந்து கிடப்பது. நிலையத்தைச் சூழ்ந்த ஊரை மக்கள் ‘கொடைரோடு’ எனச் சுருக்கி வழங்குகின்றனர். அம்மையநாயக்கனூருக்குப் பேருந்து ஏறுபவரும் நடத்துநரிடம் கேட்பது கொடைரோட்டுக்குத்தான்.